லென்ஸ் இல்லாமல் எடுத்த ஐந்தாம் படம்

எங்கள் ஆய்வுக் கையேட்டின் பதினான்காம் விதி இப்படிச் சொல்கிறது: "சேத அறிக்கையோடு இணைக்கப்படும் படங்கள் அனைத்தும் நிறுவனம் வழங்கிய கேமராவிலேயே எடுக்கப்பட வேண்டும். எடுத்த லென்ஸின் விவரமும் துளை அளவும் படக் கோப்பில் பதிவாகியிருக்க வேண்டும்." மூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழாக்கம் என்னுடையது. மூலமும் பாதி என்னுடையதுதான். அந்த விதியை எழுதிய மூவர் குழுவில் நானும் ஒருவன். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதால் இரண்டாவது வாக்கியத்தை யாரும் இரண்டாவது தடவை படிக்கவில்லை.

இப்போது அந்த விதியை எடுத்துவிடப் போகிறார்களாம். எல்லாரும் கைப்பேசியில் எடுத்து, அப்படியே செயலியில் ஏற்றிவிடுகிறார்கள். ஆவணப் பிரிவின் தலைவி நித்யா போன மாதம் அழைத்து, "அங்கிள், அந்த அஞ்சாவது படம் கதைய எழுதிக் கொடுங்க. புதுசா வந்தவங்க நம்ப மாட்டேங்கிறாங்க. நான் சொன்னா நான்தான் வில்லி மாதிரி இருக்கு," என்றார். வில்லி இல்லை. வில்லனின் உதவியாளர். எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. கப்பலில் வந்த சரக்கு கெட்டுப்போனால், அது யார் கையில் இருந்தபோது கெட்டது என்று பார்த்து எழுதுகிறவன் சரக்கு ஆய்வாளன். கிள்ளான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் அதைச் செய்தேன். முதல் இரண்டு வருடம் ஒரு மூத்த ஆய்வாளருக்குக் குடை பிடித்தேன். சான்றிதழில் அதைப் பயிற்சி என்று போட்டிருக்கிறார்கள்.

படம் எடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கண்டெய்னரின் எண். அடுத்து, வெட்டுவதற்கு முன் கதவின் சீல். கதவைத் திறந்ததும் உள்ளே எதையும் தொடாமல் ஒரு படம். பிறகு சேதத்துக்கு நான்கு: தூரத்திலிருந்து, நடுவிலிருந்து, பக்கத்திலிருந்து, கடைசியாகப் பக்கத்தில் எஃகு அளவுகோலை வைத்து. வரிசை மாறினால், "கதவைத் திறந்தது யார்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். வரிசை மாறாவிட்டாலும் கேட்பார்தான். நமக்குப் பதில் இருக்கும், அவ்வளவே வித்தியாசம்.

நிறுவனம் ஆளுக்கொரு கேமரா கொடுத்திருந்தது. ஊரறிந்த பெயர். கழுத்துப் பட்டையில் அந்தப் பெயர் அடுத்த தெருவிலிருந்து படிக்கும் அளவில் இருக்கும். நல்ல கேமராதான், பிறந்தநாள் விழாவுக்கு. ஒரு சாணுக்குள் எதைக் கொண்டுபோனாலும் அதற்குக் கண் மங்கிவிடும். எங்கள் தொழிலில் உண்மை பெரும்பாலும் ஒரு சாணுக்குள்தான் இருக்கிறது.

ஆகவே என் செலவில் ஒன்று வாங்கினேன். கடையில் யாரும் கேட்காமல் மூலையில் கிடந்த கேமரா அது. செய்த நிறுவனம் எங்கள் வீட்டு ரைஸ் குக்கரையும் செய்த அதே நிறுவனம். விற்பனையாளரே, "சார், பெரிய பிராண்ட் பாக்கலையா?" என்று வருத்தத்தோடு கேட்டார். நான் பார்த்தது பிராண்டை அல்ல, அதன் வாயை. உள்ளே ஒளியை மேலே திருப்பும் கண்ணாடிப் பெட்டி கிடையாது. ஆகவே உடம்பு ஒல்லி, லென்ஸ் மாட்டும் இடம் படம் பதியும் சென்சாருக்கு மிகப் பக்கம். இடையில் ஒரு வளையத்தைப் போட்டால் உலகத்தில் உள்ள எந்தப் பழைய லென்ஸும் உட்கார்ந்துவிடும். பெரிய பிராண்டுகள் அப்போது தங்கள் லென்ஸைத் தவிர வேறெதையும் சுலபத்தில் வாய்க்குள் விடுவதில்லை.

அலுவலகத்தில் ஒரு வாரத்துக்கு விசாரிப்பு ஓயவில்லை. "அண்ணே, சோறு வெந்துச்சா?" "அண்ணே, விசில் அடிக்குமா?" விசில் பிரஷர் குக்கருக்கு, ரைஸ் குக்கருக்கு இல்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கினேன். தொழில் துல்லியம்.

அந்தப் பெயரில்லாத பெயருக்கு ஒரு பயன் இருந்தது. கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் என் மோட்டார்சைக்கிள் பெட்டியை யாரோ உடைத்தார்கள். மழைக்கோட்டு போனது. மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டுக் கேரியர் போனது. கேமரா மட்டும் வெளியே எடுத்துப் பார்க்கப்பட்டு, பெயர் படிக்கப்பட்டு, திரும்ப உள்ளே வைக்கப்பட்டிருந்தது. (சாப்பாடு கட்டியிருக்கும்போது நான் ஏன் கடையில் இருந்தேன் என்று மனைவி கேட்டதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

லென்ஸ் பெட்டாலிங் ஜெயாவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் கிடைத்தது. ஐம்பது மில்லிமீட்டர், மிக அருகில் எடுப்பதற்கான மேக்ரோ. முழுக்க உலோகம், கையில் படிக்கல் மாதிரி கனக்கும். விற்ற சீனப் பெரியவர் அதை ஒரு காலுறைக்குள் வைத்திருந்தார். "செஞ்ச கம்பெனி செத்துப் போச்சு. லென்ஸ் இன்னும் சாகல," என்று மலாயில் சொன்னார். கண்ணாடிக்குள் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் லென்ஸை அலமாரிக்குள் வைத்தால், அடுத்த வருடம் அங்கே ஒரு தோட்டம் இருக்கும். ஒரு வாரம் காலை வெயிலில் ஜன்னலோரம் வைத்தேன். "ஊறுகாயா போடுறீங்க?" என்றார் மனைவி. பிறகு, பழுது பார்க்கிறவர் ஒருவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். அதன்பின் அதன் வீடு ஒரு பிஸ்கட் டின், துணைக்கு ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள் முறுக்கு என்று நம்பி அதைத் திறந்ததுண்டு.

முதல் தடவை மாட்டியபோது கேமரா படம் எடுக்க மறுத்தது. லென்ஸே இல்லை என்றது. பாவம், அதற்கு எப்படித் தெரியும்? புது லென்ஸ்கள் மின்முனை வழியாகத் தம் பெயர், ஊர், துளை அளவு எல்லாவற்றையும் கேமராவிடம் சொல்லிவிடும். பழையது வாயே திறக்காது. கேமராவின் பட்டியலில் துழாவி ஓர் அமைப்பைக் கண்டுபிடித்தேன். "லென்ஸ் இல்லாமல் எடுக்கலாமா?" என்று இருந்தது. "ஆம்" என்று வைத்ததும் சமாதானமாகிவிட்டது.

அதன்பின் எல்லாம் கைவேலை. லென்ஸின் வளையத்தைச் சுற்றிக்கொண்டே வந்தால், படம் தெளியும் இடத்தில் திரையில் விளிம்புகள் மினுங்கும். அங்கே மூச்சை நிறுத்த வேண்டும். வெளிச்சம் நுழையும் துளையைக் கிளிக், கிளிக் என்று விரலாலேயே எண்ணி வைக்கலாம். கேமராவுக்கு அது தெரியாது என்பதால் குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வேன்: படம் எண், துளை எட்டு, தூரம் அரை சாண்.

இனி தேவா.

பண்டமாரானில் ஒரு சரக்குக் கிடங்கு. தேவா அங்கே பதினோரு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வீடு நடந்து போகும் தூரம். ஓர் ஏப்ரலில், மரப்பெட்டியில் அடைத்த அச்சு இயந்திரத்தோடு ஒரு நீலக் கண்டெய்னர் வந்தது. இரண்டு நாள் மழை. திறந்தபோது உள்ளே தண்ணீர், இயந்திரம் முழுக்கத் துரு. கண்டெய்னரின் பக்கச் சுவரில் கீழே ஓர் உள்ளங்கை நீளக் கிழிசல், சரியாக ஃபோர்க்லிஃப்டின் இரும்பு நாக்கு வரும் உயரத்தில். கடைசியாக அதன் பக்கத்தில் வண்டி ஓட்டியது தேவா. வேறென்ன வேண்டும்? அன்றே அவருடைய ஓட்டுநர் அட்டையைக் கிடங்கு வாங்கி வைத்துக்கொண்டது. அறிக்கை வரும்வரை பின்பக்கத்தில் சரக்கு அடுக்கும் பலகைகளைக் கழுவச் சொன்னார்கள். குற்றம் உறுதியானால் அட்டை ரத்து. அப்புறம் துறைமுகத்தைச் சுற்றி எந்தக் கிடங்கும் அவரை வண்டியில் ஏற்றாது.

நான் போனபோது கிழிசலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, நான் குத்தல லா. குத்தியிருந்தா ஸ்டியரிங்ல கை சொல்லும்."

"கை சொன்னத அறிக்கையில போட விதி இல்ல, தேவா."

"அப்ப எது சொன்னா போடுவீங்க?"

"இரு, இரும்பக் கேப்போம்."

வழங்கப்பட்ட கேமராவில் விதிப்படி நான்கு படம் எடுத்தேன். நான்காவதில் கிழிசல் ஒரு கறுப்புக் கோடு, அளவுகோல் ஒரு வெள்ளைக் கோடு. துரு இருப்பது தெரிந்தது. துரு எதையும் நிரூபிக்காது. கிள்ளான் மழையில் புது வெட்டுக்கூட விடிவதற்குள் சிவந்துவிடும். கேள்வி, அந்தத் துருவுக்கு மேல் என்ன இருக்கிறது என்பது.

பெட்டியிலிருந்து என் கேமராவை எடுத்தேன்.

"அண்ணே, இந்த நேரத்துல சோறா?" என்றார் தேவா. அட்டை போன மனிதர், அப்போதும் விடவில்லை.

முழங்கையைக் கண்டெய்னரில் ஊன்றி, வளையத்தைச் சுற்றி, விளிம்பு மினுங்கும் இடத்தில் எடுத்தேன். ஐந்தாம் படம். திரையில் பெரிதாக்கினேன். கிழிந்த தகட்டின் உள் விளிம்பில் அடுக்கடுக்காகக் கறுத்த துரு. அதன்மேல் ஒரு நீலச் சொட்டு வழிந்து உறைந்திருந்தது. பெயிண்ட். யாரோ, எங்கோ, பழைய ஓட்டையைத் துருவோடு சேர்த்து நீலம் அடித்து மறைத்திருக்கிறார்கள். வழியில் அலைச்சலில் அது மறுபடி விரிந்திருக்கிறது. இரண்டு நாளைக்கு முன் விழுந்த ஓட்டைக்கு யாரும் பெயிண்ட் அடித்துக் காயவைத்திருக்க முடியாது.

தேவா திரையையே பார்த்தார். "நீலமா ஒண்ணு தெரியுதே, அது நான் குத்தலன்னு சொல்லுதா?" என்றார்.

"சொல்லுது."

மூன்றாம் நாள் கண்டெய்னரைக் கப்பல்காரர்கள் காலியாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆக, உலகத்தில் அந்த நீலச் சொட்டு இருந்த ஒரே இடம் என் ஐந்தாம் படம்.

அறிக்கை பிரிக்பீல்ட்ஸில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போனது. அங்கே எல்லா அறிக்கையும் ஜமால் சார் மேசை வழியாகத்தான் வெளியே போகும். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. குடும்பத்துக்குத் துணிக்கடை. அதனால்தானோ என்னவோ, காகிதத்தையும் துணி மாதிரி இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படிப்பார். வரிக்குக் கீழே மர ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். நம்மை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பதினெட்டுப் பக்கத்தை அப்படிப் படித்தவர் அவர். "நிராகரிக்கிறேன்" என்று ஒரு நாளும் எழுதியதில்லை. பச்சை மையில் இரண்டு சொல் எழுதுவார்: "விளக்கம் தேவை." மூன்று முறை அது விழுந்த கோப்பு தானாகவே உயிரை விட்டுவிடும்.

மே மாதம் முதல் பச்சை வந்தது. அதோடு நித்யாவின் குறிப்பு. அப்போது அவர் புதிதாகச் சேர்ந்து, படக் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். "ஐந்தாம் படம் நிறுவனக் கேமராவில் எடுக்கப்படவில்லை. கோப்பில் லென்ஸ்: இல்லை. துளை அளவு: பூஜ்யம். குவியத் தூரம்: பூஜ்யம். லென்ஸ் இல்லாமல் படம் எடுக்கப்பட்ட விதத்தை விளக்கவும்."

விளக்கினேன். நிறுவனக் கேமராவின் மங்கல், பழைய லென்ஸ், வளையம், மின்முனை இல்லாமை, குறிப்புப் புத்தகத்தின் நகல். இரண்டரைப் பக்கம்.

ஜூனில் இரண்டாம் பச்சை. நித்யா இம்முறை என் கேமராவின் கையேட்டையே தரவிறக்கிப் படித்திருந்தார். "தங்கள் கேமராவில் 'லென்ஸ் இல்லாமல் எடு' என்ற அமைப்பைத் தாங்களே இயக்கியிருப்பதாகத் தெரிகிறது. எனில் முதல் விளக்கம் இதற்கு முரண்படுகிறது." இரண்டாவது விளக்கம் எழுத உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருடத்தில் என்னை இவ்வளவு சுத்தமாக யாரும் பிடித்ததில்லை. அன்று மாலை மனைவியிடம், "நல்லாப் படிச்ச பொண்ணு," என்றேன். "ஒங்களுக்கு இது வேணும்," என்றார்.

இதற்கிடையில் தேவா வாரத்துக்கு ஒருமுறை அழைப்பார். "அண்ணே, அஞ்சாவது படம் என்னாச்சு?" அப்புறம் கொஞ்சம் சத்தம் தாழ்த்தி, "அண்ணே, பேசாம லென்ஸ் இருக்கிற மாதிரியே எடுத்திருக்கலாம்ல?" என்பார்.

இரண்டாவது விளக்கத்துக்குக் கீழே மூன்றாம் பச்சை விழுந்தது. ஆனால் இம்முறை இரண்டு சொல் கூடுதல்: "விளக்கம் தேவை. நேரில், கேமராவுடன்."

ரயிலேறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, சேலைக் கடைகளைக் கடந்து, நகைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. வெள்ளிக்கிழமை. ஜமால் சார் தொழுகைக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. நித்யா கணினியோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஜமால் சார் என் லென்ஸை வாங்கினார். இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "கனமாத்தான் இருக்கு," என்றார். "பதினாலாம் விதிய எழுதினது யாரு?"

"மூணு பேரு, சார்."

"மத்த ரெண்டு பேரும் பென்ஷன்ல இருக்காங்க. அவங்கள விடுங்க."

லென்ஸைத் திரும்ப வாங்கிக் கேமராவில் மாட்டினேன்.

"சரி. ஏதாச்சும் எடுத்துக் காட்டுங்க."

"எதை எடுக்கணும் சார்?"

சுற்றிப் பார்த்தார். மேசையில் என் கோப்புதான் விரிந்து கிடந்தது. மூன்றாம் பச்சை இருந்த பக்கத்தை என் பக்கம் திருப்பினார். "இதையே எடுங்க. நீங்க மாத்தி எடுத்தீங்கன்னு அப்புறம் யாரும் சொல்ல முடியாது பாருங்க."

முழங்கைகளை மேசையில் ஊன்றினேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் காகிதத்தைத் தடவிக்கொண்டு வந்தது. வளையத்தைச் சுற்றினேன். பச்சை எழுத்தின் ஓரம் மினுங்கியது. எடுத்தேன்.

நித்யா கேமராவின் நினைவட்டையைக் கணினியில் போட்டார். "லென்ஸ் இல்லை. துளை பூஜ்யம். தூரம் பூஜ்யம்," என்று வாசித்தார். "சார், கோப்புப்படி இந்தப் படம் எடுக்கப்படவே இல்ல. ஆனா இருக்கு."

"பெரிசு பண்ணும்மா."

பெரிதாக்கினார். காகிதத்தின் நார்கள் வைக்கோல் மாதிரித் தெரிந்தன. அதன்மேல் பச்சை மை ஏரி மாதிரித் தேங்கியிருந்தது. மைக்குக் கீழே, நார்கள் ஓரிடத்தில் நசுங்கி, சாம்பல் நிறமாக ஏதோ கோடுகள். எழுதி அழித்த பென்சில். நித்யா இன்னும் ஒரு படி பெரிதாக்கினார். அழுத்தி எழுதியிருந்ததால், ரப்பர் நிறத்தை எடுத்திருந்தும் பள்ளத்தை எடுக்கவில்லை.

"சார்," என்றார் நித்யா மெதுவாக, "கீழ பென்சில்ல ஏதோ... 'ஏற்கப்பட்டது'ன்னு..."

"பெரிசு பண்ணது போதும்," என்றார் ஜமால் சார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"எழுதினேன்," என்றார். "ரெண்டாவது விளக்கம் படிச்சப்ப சரியாத்தான் பட்டுச்சு. அப்புறம் நாளைக்கு எவனாச்சும் சோத்துப் பானையில படம் எடுத்து அனுப்பினா என்னா செய்யறதுன்னு தோணிச்சு. அழிச்சிட்டேன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "அந்தக் கண்டெய்னர்லயும் இப்படித்தானா? கீழ துரு, மேல பெயிண்ட்?"

"இப்படித்தான் சார். அங்க ரப்பர்கூடப் போடல."

நித்யா குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். சிரிப்பைத்தான் என்று நினைக்கிறேன்.

"அந்த ஓட்டுநர் இப்ப என்னா செய்யறாரு?"

"பலகை கழுவறாரு, சார். மூணு மாசமா."

ஜமால் சார் ஸ்கேலை எடுத்து மூடிய கோப்பின்மேல் நேராக வைத்தார். "பார்க்கலாம்," என்றார். எழுந்து, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, தொழுகைக்குப் போனார்.

"பார்க்கலாம்" என்றால் அவர் அகராதியில் என்ன பொருள் என்று முப்பத்தொரு வருடத்தில் எனக்குத் தெரிந்ததில்லை. காத்திருந்தேன். வாரங்கள் போயின. கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பலாம், ஆனால் முடிவு கையெழுத்திட்ட கடிதமாகத்தான் வர வேண்டும் என்பது இன்னொரு விதி. அதை எழுதியது நானில்லை. இரண்டு முறை நித்யாவுக்கு அழைத்தேன். "சார் மேசையில இல்ல அங்கிள்," என்றார். எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தேவா அழைப்பதைக் குறைத்துக்கொண்டார். கடைசியாக அழைத்தபோது ஐந்தாம் படத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. செராஸில் மச்சான் ஒருவர் லோரி வைத்திருப்பதாகவும், கிளீனர் வேலை இருக்குமா என்று கேட்டுப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். கேலி எதுவும் செய்யாமல் போனை வைத்தார். அதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் கூரியரில் உறை வந்தது. உள்ளே இரண்டு வரி. ஐந்தாம் படம் சான்றாக ஏற்கப்படுகிறது. சேதம் கிடங்குக்கு வருமுன்பே ஏற்பட்டது என்பதால் ஓட்டுநர்மீது குற்றமில்லை. கீழே ஜமால் சாரின் கையெழுத்து. அதற்கும் கீழே, "இணைப்பு: ஐந்து படங்கள்." அந்த வரிக்குப் பக்கத்தில் அனுப்பும் பிரிவின் பென்சில் குறிப்பு ஒன்று: நான்குதான் இருக்கின்றன, ஐந்தாவது வரும்வரை நிறுத்திவைக்கவும். ஐந்தாவது இவ்வளவு நாளும் ஜமால் சார் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்ததாம். அவருக்கு அந்த நீலம் பிடித்துப்போயிருந்ததாம். நித்யா பிற்பாடு சொன்னார்.

தேவாவை அழைத்தேன். குழாய்த் தண்ணீர் பலகையில் அடிக்கும் சத்தத்துக்கு நடுவே எடுத்தார். செராஸுக்குப் போயிருக்கவில்லை.

"வந்திடுச்சு தேவா. அட்டைய வாங்கிக்கலாம்."

"படிங்கண்ணே."

படித்தேன்.

"இன்னொரு வாட்டி."

மறுபடியும் படித்தேன். பக்கத்தில் யாரிடமோ, "நான் இல்லியாம் லா, எழுத்துலயே வந்திடுச்சு," என்று கத்துவது கேட்டது. யாரோ கை தட்டினார்கள். பிறகு போனுக்குத் திரும்பி வந்தார்.

"கையெழுத்துக்குக் கீழ தேதி போட்டிருப்பாரே. அதையும் படிங்கண்ணே, கிடங்குல கேப்பாங்க."

அதுவரை நான் தேதியைப் பார்க்கவில்லை. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்திருந்த அதே வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்ததும் போட்டிருக்கிறார்.

"ஜூலை நாலு," என்றேன்.

குழாய் சத்தம் நின்றது.

"இன்னைக்கு என்னா தேதிண்ணே?"

அவருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் சொன்னேன். ஆகஸ்ட் இருபத்தொன்று, வியாழக்கிழமை.